பாதி அட்டை

எங்கள் ஊருக்குக் குப்பை வண்டி வருகிறது. சிமெண்ட் ரோடு முடிகிற இடத்தோடு திரும்பிப் போய்விடுகிறது. அங்கிருந்து அரை கிலோமீட்டர் தள்ளிக் கொல்லைக்காட்டில் வீடு கட்டிக்கொண்டவன் குப்பையே போட மாட்டான் என்று பஞ்சாயத்து முடிவு பண்ணியிருக்கிறது போல. அதனால் சனிக்கிழமைதோறும் டிவிஎஸ் 50-இல் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக் குப்பைமேட்டுக்கு நானே போகிறேன்.

மூட்டை என்பது பெரிய வார்த்தை. மல்லாட்டை என்கிற வேர்க்கடலைத் தோலும் காய்கறித் தோலும் எருக்குழிக்குப் போய்விடும். மிச்சம் ஏழு பால் பாக்கெட், ஒரு சோப்பு உறை, ஒரு பிஸ்கட் கவர். ஒரு ஆள் ஒரு வாரம் உயிரோடு இருந்ததற்கு அவ்வளவுதான் அத்தாட்சி.

முன்பு இந்த வேலை என் மனைவி தையல்நாயகியுடையது. நடந்தே போவாள், திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். குப்பை கொட்ட இவ்வளவு நேரமா என்று கத்துவேன். பங்குனியில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதோடு பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவியதும் அவள்தான் மாத்திரையைப் பிதுக்கி என் உள்ளங்கையில் வைப்பாள். நானே பிதுக்கி நானே போட்டுக்கொண்டு இன்னும் பத்து வருஷம் இருந்து என்ன ஆகப்போகிறது? திண்டிவனம் போனால் வாங்கி வருவதை மட்டும் விடவில்லை. அட்டைகள் டிவி மேல் பிரிக்காமல் கிடக்கின்றன. பெங்களூரிலிருந்து மகள் ஆர்த்தி ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, மாத்திரை சாப்பிட்டியாப்பா என்பாள். சாப்பிட்டேன் என்பேன். அடுத்து அங்கே மழையா என்பாள்.

குப்பைமேட்டில் ஒரு தகரக் கொட்டகை. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துப் போட பஞ்சாயத்தில் அமலாவை வைத்திருக்கிறார்கள். எனக்கும் அவளுக்கும் பேச்சு கிடையாது. பையைக் கவிழ்ப்பேன், வந்துவிடுவேன். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை அவள் கிளவுஸைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றாள்.

"ஐயா, ஒன்னு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே. அம்மா கொண்டாந்தப்போ மாசத்துக்கு ரெண்டு மாத்திர அட்ட வரும். நீங்க வர ஆரம்பிச்சதுலேருந்து ஒன்னுகூட வர்லீங்க."

எனக்குச் சுருக்கென்றது. என் குப்பையை நீ எதற்குக் கிளறுகிறாய் என்று சத்தம் போட்டேன். கிளறுவதுதான் அவள் வேலை என்பது வண்டியைக் கிளப்பிய பிறகு உறைத்தது.

வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. பெற்ற மகளுக்குத் தெரியாதது இவளுக்கு எப்படித் தெரியலாம்? அடுத்த சனிக்கிழமை ஒரு புது அட்டையை எடுத்து, பதினைந்து மாத்திரையையும் எருக்குழியில் பிதுக்கிப் போட்டேன். காலி அட்டையைப் பையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்து எடுத்துப்போனேன்.

அமலா அதை எடுத்து, குழி குழியாக விரலால் தொட்டு எண்ணினாள்.

"வாரத்துக்கு ஏழு நாளுதானுங்களே," என்றாள்.

பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட பையன் மாதிரி நின்றேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. அவள் சிரிக்கவில்லை. கொட்டகை ஓரத்தில் கிடந்த கல்லைக் காட்டி, அம்மா அதில்தான் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள் என்றாள். எல்லாம் என்னைப் பற்றிய பேச்சாம். நான் கையில் கொடுத்தால்தான் மாத்திரை போடுவார், நான் இல்லாவிட்டால் போட மாட்டார் என்று சொல்லுவாளாம். அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது. குப்பைமேட்டில் நின்று அழுதேன்.

அமலா காலி அட்டையை மக்காத குப்பையில் போட்டாள்.

"இனிமே காலி அட்டயக் கொண்டாராதீங்க. பாதி அட்டயக் கொண்டாங்க. ஏழு குழி காலியா இருக்குதான்னு பாத்துட்டுத் தர்றேன், திருப்பி எடுத்துக்கினு போங்க."

அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் மாத்திரையைப் பிதுக்கி, வலது கையால் இடது உள்ளங்கையில் வைத்தேன். அவள் வைக்கிற மாதிரி இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அமலா ஏழு குழியையும் எண்ணிவிட்டு அட்டையை என்னிடம் நீட்டினாள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஆர்த்தி கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். ஏழு மாதமாகச் சொன்ன அதே வார்த்தைதான், இந்தத் தடவை வாரம் முழுக்க நிஜம். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அங்கே மழையாப்பா என்று கேட்டாள்.

சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.