பதினான்கு கிலோவில் உடைந்த பாலம்

1

இந்தக் கதை எனக்கு மொட்டைமாடியில் கிடைத்தது. பக்கத்து வீட்டு மேடம் துணி உலர்த்த வந்தார். நானும் உலர்ந்த துணியையே மறுபடி உலர்த்தப் போனேன். அவர் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்ஸ் நடத்துகிறவர். ஒரே போர்வையை நான்கு முறை உதறினார். அப்போதே தெரிந்துகொண்டேன், உள்ளே ஏதோ இருக்கிறது. ஒரு கேள்விதான் கேட்டேன். (சரி, ஐந்து.)

எழுத உட்கார்ந்ததும் முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வாளியில் மணல் ஏற ஏற, அந்த மாணவியின் கண்களில் ஒரு—’

வேண்டாம். அவள் கண்களை யார் பார்த்தார்கள்? எல்லோரும் வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2

மேடத்தின் வகுப்பில் பரீட்சைத் தாளோடு கதை முடியாது. ஐஸ்கிரீம் குச்சிகளைப் பசை போட்டு ஒட்டி, முக்கோணம் முக்கோணமாக ஒரு பாலம் கட்ட வேண்டும். நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, உடையும்வரை மணல் கொட்டுவார்கள். அதிக எடை தாங்கினால் மதிப்பெண் என்று நினைக்கிறீர்களா? நானும் நினைத்தேன். இல்லையாம். எங்கே உடையும், எவ்வளவில் உடையும் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். சொன்னதற்கு எவ்வளவு நெருக்கமாக உடைகிறதோ, அவ்வளவு மதிப்பெண்.*

* ஜோசியம் மாதிரி இருக்கிறதே என்றேன். மேடம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

யாருக்கும் சரியாகப் பலித்ததில்லை. இந்த முறை ஒருத்திக்குப் பலித்தது. ‘கீழ்வரிசை, இடமிருந்து இரண்டாவது குச்சி, பதினான்கு கிலோ’ என்று எழுதியிருந்தாள். அதே குச்சி, பதினான்கு கிலோ இருநூறு கிராமில் படக்கென்று போனது.

அவள் முதல் மதிப்பெண் மாணவியாக இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்கள். இவளுக்கு வகுப்பு வைத்திருக்கும் பெயர் ‘அரியர் ராணி’. இதே பாடத்தில் இரண்டு முறை போய்விட்டது. மூன்றாவதும் போனால் கல்லூரியைவிட்டே போக வேண்டும்.

3

மேடம் உடைந்த துண்டுகளைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்தார். அவர் கணவர் பல் டாக்டர். சாப்பாட்டு மேசையில் அவருடைய பூதக்கண்ணாடியை வைத்து ஆராய்ச்சி நடந்தது.

“ஏங்க, இது தானா உடைஞ்சதா?”

“பாதி தானா உடைஞ்சது. பாதியில யாரோ கைவச்சிருக்காங்க. இங்க பாரு, நேரா கோடு. பிளேடு.”

“நினைச்சேன்!”

“என்னை ஒருநாளாவது இவ்வளவு கவனமா பார்த்திருக்கியா நீ?”

“உங்கள எதுக்குப் பார்க்கணும்? நீங்க என்ன பரீட்சையா எழுதுறீங்க?”

முறைகேடு என்று எழுதிக் கொடுக்க ஒரு படிவம் இருக்கிறதாம். மேடம் அதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மதிப்பெண்களை மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் கணினியில் ஏற்றிவிட வேண்டும்.

4

(இந்த இடத்தில் அந்தப் பெண் அழுவதாக ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவள் அழவில்லையாம். மேடத்துக்கு அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. எனக்கும்தான்.)

காலையில் மேடம் அவளை லேபுக்கு அழைத்துக் கேட்டார்.

“பிளேடு போட்டியா, இல்லையா?”

“போட்டேன் மேடம்.”

“வெட்கமா இல்ல?”

“குச்சி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசா இருக்கு மேடம். எது முதல்ல போகும்னு எப்படிச் சொல்றது? அதான் ஒண்ண மட்டும் மெலிசாக்கினேன். அதே மாதிரி வெட்டின குச்சிங்கள வீட்டுல தனியா தொங்கவிட்டு, எவ்வளவு தாங்குதுன்னு பார்த்தேன். அதுக்கப்புறம்தான் கணக்கே போட்டேன்.”

“அத ஏன் தாள்ல எழுதல?”

“எங்கே, எவ்வளவுன்னு ரெண்டு கட்டம்தானே மேடம் குடுத்தீங்க? ஏன்னு கேட்கவே இல்லையே.”

நன்றாகத்தான் சொல்கிறாள். நன்றாகச் சொல்கிறவர்களை நம்பக்கூடாது என்பது என் நெடுநாள் கொள்கை. மாட்டிக்கொண்டால் சொல்லலாம் என்று முந்தின இரவு யோசித்த பதிலா, பாலம் கட்டும்போதே யோசித்ததா? வெட்டுக்குத் தேதி கிடையாது.

5

மேடமும் விடவில்லை. “இங்கேயே, என் கண் முன்னாடி இன்னொண்ணு கட்டு. பிளேடு கூடாது.” நொடியில் காய்ந்துவிடுகிற பசையைக் கொடுத்தார். மதியத்துக்குள் சின்னதாக ஒரு பாலம் நின்றது.

“இப்ப சொல்லு. எங்க உடையும்?”

“தெரியல மேடம்.”

“பிளேடு இல்லாட்டி தெரியாது, அப்படித்தானே?”

“உங்களுக்குத் தெரியுமா மேடம்?”

மணி என்ன என்று கேட்பதுபோலத்தான் கேட்டாளாம். இத்தனை வருடங்களில் மேடத்தை அப்படி யாரும் கேட்டதில்லை. அவரும் ஒருமுறைகூட எழுதிக் காட்டியதில்லை. சாக்பீஸை எடுத்தார். பலகையில் ஓர் இடத்தையும் ஓர் எண்ணையும் எழுதினார். மணல் கொட்ட ஆரம்பித்தாள் அந்தப் பெண்.

“அப்புறம்?” என்றேன், மொட்டைமாடியில்.

“அப்புறம் என்னக்கா, உடைஞ்சுது.”

“எங்க?”

“அடுப்புல பால் வச்சிருக்கேன்க்கா” என்று இறங்கிப் போய்விட்டார். அந்த வீட்டில் பால் காலை ஆறரைக்கே காய்ச்சியாகிவிடும். பசைக்குப்பியின் நிறம்வரை சொன்னவர் இதை மட்டும் விழுங்கிவிட்டார்.

6

ஆகவே முடிவை நான்தான் கட்ட வேண்டியிருக்கிறது.

மேடம் எழுதிய இடத்திலேயே உடைந்தது என்று வைத்தேன். அப்படியானால் பிளேடு இல்லாமலும் சொல்ல முடியும். அந்தப் பெண் மாட்டினாள். ஆனால் பலித்த பெருமையை ஏன் மறைக்க வேண்டும்? மேடம் அவ்வளவு அடக்கமானவர் இல்லை.

வேறெங்கோ உடைந்தது என்று வைத்தேன். அப்படியானால் பிளேடு இல்லாமல் மேடத்துக்கே சொல்லத் தெரியவில்லை. படிவத்தைக் கிழித்துப் போட்டிருப்பார். அல்லது அந்தக் கோபத்திலேயே பூர்த்தி செய்து—

இதற்கு மேல் என் பேனா போகவில்லை. மணி நாலு ஐம்பது. திரையில் அந்தப் பெண்ணின் வரிசை. மதிப்பெண் கட்டம் காலி. பக்கத்தில் படிவம். மேடத்தின் நாற்காலியை உங்களுக்கு விட்டுவிட்டேன், உட்காருங்கள். அவள் செய்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும், எதையும் மறைக்கவில்லை.

என்ன தயக்கம்? மேடம் எழுதியது பலித்ததா என்று தெரிந்தால்தான் மதிப்பெண் போடுவீர்களா? அப்படியானால், உங்கள் சந்தேகம் அந்தப் பெண்மேல் இல்லை, மேடம் வைத்த பரீட்சைமேல்.