கோணாமலைத் தயிர்

துண்டை மாற்றச் சொன்னவர் அப்துல் கபூர்தான். முஸ்லிம் ஊரான ஏறாவூரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். பதினைந்து வருடமாக, தமிழ்க் கிராமமான கிரானில் இருக்கும் அன்னப்பூரணி வீட்டுத் தயிரை வாங்கி விற்பவர்.

"சனம் சட்டியப் பாக்கல்ல கா, துண்டத்தான் பாக்குது. கிரான் எண்டு வாசிச்ச உடன கைய எடுக்குது."

ஒவ்வொரு சட்டியின் வாயையும் மூடிக் கட்டும் காகிதத் துண்டு அது. 'கிரான் கோணாமலை எருமைத் தயிர். கவிழ்த்துப் பாருங்கள்' என்று மட்டக்களப்பில் அச்சடித்தது. அன்னப்பூரணியின் புருஷன் கோணாமலை கபூரின் கடை வாசலில் நின்று சட்டியை மெய்யாகவே கவிழ்த்துக் காட்டுவான். ஒரு சொட்டு விழாது. விளம்பரம் அவ்வளவுதான், ஏறாவூர் முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் தமிழர், முஸ்லிம்கள் என்று இரண்டு பக்கமும் பிணம் விழுந்தது. சந்தைக்குப் போன கோணாமலை திரும்பி வரவில்லை. அன்னப்பூரணிக்கு மிஞ்சியது எட்டு எருமையும் இரண்டு பெண் பிள்ளைகளும். பட்டணத்துப் பாதை அடைபட்டுக் கிடந்தது. ஏறாவூர் வாங்காவிட்டால் அந்தத் தயிரை வாங்க வேறு ஆள் இல்லை.

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள் அன்னப்பூரணி.

"என்ட பேரப் போடுவம். ஓட்டமாவடித் தயிர் எண்டு சொல்றன்."

"அவர் வந்து கேட்டா?"

"கோணாமலை வரட்டும். நானே பழைய துண்டக் கட்டித் தாறன், போ."

'கபூர் எருமைத் தயிர்' நன்றாகவே போனது. கிரான் சந்திக்கு வந்து சட்டிகளை ஏற்றிப் போவது கபூரின் ஆள். கார்த்திகையில் ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல். அன்னப்பூரணியே பொட்டை அழித்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, இருபத்தைந்து சட்டிகளோடு பஸ் ஏறினாள்.

"பின்னுக்கு இரு கா. முன்னால வராத," என்றார் கடையில் நின்ற கபூர்.

சாக்குத் திரைக்குப் பின்னால் அவள் இருந்தபோது ஹிதாயா வந்தாள். வயலுக்குப் போன பத்தொன்பது வயது மகனைப் பிணமாகச் சாக்கில் சுற்றி வாங்கிய தாய் அவள்.

"நானா, நாளைக்கு மகன்ட நாப்பதாம் நாள் கத்தம். ஓதிச் சோறு குடுக்கோணும், இருவது சட்டி வேணும்."

அரிசி வாங்க நின்ற ஸஹீதா குறுக்கிட்டாள். "ஆர்ர தயிரெண்டு கேட்டு வாங்குகா. மௌத்தான புள்ளைட பேரில குடுக்கிறது."

"ஓட்டமாவடிகா. நம்மட ஆக்கள்ர," என்றார் கபூர்.

"அப்ப சரி," என்று ஒரு சட்டியைக் கையில் எடுத்தாள் ஹிதாயா.

திரைக்குப் பின்னால் அன்னப்பூரணிக்கு எல்லாம் கேட்டது. கடையில் விற்பது வேறு. செத்த பிள்ளையின் பெயரில் துஆ ஓதி, இதை ஊருக்குப் பரிமாறப் போகிறார்கள். பிறகு உண்மை தெரிந்தால் அந்தத் தாய் என்ன ஆவாள்? அவள் திரையை விலக்கி வெளியே வந்தாள்.

"தங்கச்சி, இது கிரான் தயிர். கோணாமலைட தயிர். நான் அவர்ர பெஞ்சாதி."

கபூர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யா அல்லாஹ்! இவ்வளவு நாளும் இதையா தின்னக் குடுத்தீங்க நானா?" ஸஹீதா கத்தினாள். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். ஹிதாயா கையிலிருந்த சட்டியைச் சத்தமில்லாமல் பலகையில் வைத்தாள்.

கபூர் அன்னப்பூரணியைப் பின்வாசல் வழியாக அனுப்பினார். அவள் சட்டிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஹிதாயா கடைக்குப் பக்கத்து ஒழுங்கையைச் சுற்றி வந்து நின்றாள்.

"எனக்குத் தெரியும்கா."

அன்னப்பூரணி நிமிர்ந்தாள்.

"பதினஞ்சு வருஷமா இதத்தான் திண்டம். நாக்குக்குத் தெரியாதா? என்ட புள்ளைக்கு இந்தத் தயிரெண்டா உசிரு. அதுதான் கத்தத்துக்கும் கேட்டு வந்தன். நானா ஓட்டமாவடி எண்டார். நானும் சரி எண்டன். நீ ஏன்கா எல்லாருக்கும் கேக்கச் சொன்னாய்? இனி எப்பிடி நான் வாங்குற?"

"ஒரு சட்டியெண்டாலும் கொண்டு போங்க தங்கச்சி. இஞ்ச ஆருமில்ல."

ஹிதாயா சட்டியைப் பார்த்தாள். கை பாதி நீண்டு, மடங்கியது. "ஸஹீதாட வாய் இப்ப சந்தி தாண்டியிருக்கும். ஏலாதுகா." பிறகு, "உன்ட புருஷன்?" என்றாள்.

"தேடுறம்."

ஹிதாயா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் கபூரின் ஆள் சந்திக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை; வேறு ஆளையும் கபூர் அனுப்பவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் அன்னப்பூரணி பால் கறக்கவில்லை. பட்டிக்குள் போய்க் கன்றுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டாள். அவை முட்டி முட்டிக் குடித்தன. வயிறு நிறைந்து அவையாகவே விலகும் வரை அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.