வாசலில் நிறுத்த ஆளில்லை

டீ ட்ரீ எண்ணெய் காய்ச்சுகிற ஆலையில் வேலை என்று சொன்னால், வரும்போது ரெண்டு பொட்டலம் டீத்தூள் கொண்டுவரக் கூடாதா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அந்த மரத்துக்கும் டீக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று சொல்லிச் சொல்லி எண்ணெய்க்காரருக்கு வாய் வலித்துவிட்டது. எங்கோ கடல் தாண்டிச் சதுப்பு நிலத்தில் பிறந்த மரம் அது. அதன் சொந்த மண்ணின் ஆதிகுடிகள் இலையைக் கசக்கிப் புண்ணில் வைத்துக் கட்டினார்களாம். ஆலையில் அதே இலையைக் கொப்பரையில் அடைத்து ஆவி விடுவார்கள். ஆவி குளிர்ந்து இறங்கும்போது தண்ணீருக்கு மேலே எண்ணெய் மிதக்கும். பரு, பொடுகு, சேற்றுப்புண், எதற்கும் அதுதான் என்பார். கடையில் விற்பது கலந்தது, நம் வீட்டில் இருப்பதுதான் அசல் என்ற பெருமை வேறு.

இருபத்தாறு வருஷத்தில் அவர் மூக்கு அந்த வாசனைக்கு மட்டும் செத்துப்போயிருந்தது. அது மனைவிக்குத் தெரியும். மாலையில் அவர் தெருமுனை திரும்பும்போதே வாசலில் வந்து நின்றுகொள்வாள்.

“குளிச்சிட்டு உள்ள வாங்க. மகாராணிக்குத் தும்மல் வருது.”

மகாராணி அவள் வளர்த்த பூனை. பிள்ளையில்லாத வீட்டில் அதற்கு நடந்த ராஜ உபசாரம் கொஞ்சநஞ்சமல்ல. போன வருஷம் மனைவி கண்ணை மூடுவதற்கு முன், அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பூனையைத்தான் காட்டினாள். அவரும் பார்த்துக்கொண்டார். தனக்குச் சமைக்காத நாளிலும் அதற்குச் சமைத்தார். வீட்டில் மூச்சுவிடுகிற இன்னொரு உயிர் அது ஒன்றுதான்.

அதற்குத் தெள்ளுப்பூச்சி பிடித்துக் கழுத்தெல்லாம் புண்ணானது. ஊருக்கெல்லாம் மருந்து காய்ச்சுகிறவன் வீட்டுப் பூனை சொறிந்துகொண்டு கிடப்பதா என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அசல் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றினார். நெடியே தெரியவில்லை. பழசாகிவிட்டதோ என்று இன்னும் கொஞ்சம் ஊற்றி, கழுத்திலிருந்து வால்வரை அன்பாகத் தேய்த்துவிட்டார். மகாராணி உட்கார்ந்து உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டது.

காலையில் அதற்குப் பின்னங்கால் நிற்கவில்லை. வாயில் எச்சில் ஒழுகியது. கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மூடியைத் திறந்ததுமே டாக்டரம்மா ஜன்னலைத் திறந்துவிட்டார்.

“பூனைக்கு இது விஷம், ஐயா. இவ்வளவு நெடி அடிக்குதே, உங்களுக்குத் தெரியலையா?”

அவர் இல்லை என்று தலையசைத்தார். குளிப்பாட்டினார்கள், ஊசி போட்டார்கள், சூடு கொடுத்தார்கள். மத்தியானத்துக்குமேல் மகாராணி அடங்கிவிட்டது. ஆசையாகத் தடவியே கொன்றுவிட்டோமே என்று அவருக்கு நெஞ்சு வெடித்தது.

துணியில் சுற்றிக் கொடுக்க வந்தபோது அவர் வாங்கவில்லை. குழாயடிக்குப் போய் முழங்கைவரை சோப்பு போட்டுத் தேய்த்தார். திரும்பி வந்து டாக்டரம்மா முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினார்.

“போயிடுச்சான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கம்மா. எனக்குத் தெரியாது. வீட்லதான் சொல்லுவா.”

டாக்டரம்மா குனிந்து முகர்ந்தார்.

“இன்னும் இருக்கு, ஐயா.”

அவர் தலையாட்டிவிட்டு மறுபடியும் குழாயைத் திறந்தார்.