அண்டா இங்கே, துடுப்பு அங்கே

1

இப்போதெல்லாம் மனிதர்கள் திராட்சையைத் தின்பதற்கு முன்னால் படம் எடுக்கிறார்கள். பாதிரியார் ஆசி சொன்ன பிறகுதான் புதுத் திராட்சை வாய்க்குப் போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கைப்பேசிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது போலும்.

இந்தக் கதை ஒரு பலகையால் பிறந்தது. துருக்கியில் மிஞ்சிய ஒரே ஆர்மீனியர் ஊர் என்று எங்களைப் பேருந்து பேருந்தாக வந்து பார்க்கிறார்கள். தேவாலய வாசலில் ஊர் வரலாறு வைக்க வேண்டும், ஐந்து வரி எழுதிக் கொடுங்கள் என்றாள் சங்கத் தலைவி ஷாகே. ஐந்தாம் வகுப்போடு நின்றவனிடம் கேட்கக் காரணம், மற்ற கிழவர்கள் செத்துப்போனதுதான்.

இனி என்னை என் பெயரால் ‘மிசாக்’ என்றே எழுதுகிறேன். ‘நான்’ என்று போட்டால் புகார் மனு மாதிரி இருக்கிறது.

2

“மலையடிவாரத்தில் ஆரஞ்சுப் பூ மணக்கும்...” [அடித்துவிட்டார். மணப்பது பூச்சிமருந்து.]

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில் இந்த மாகாணம் துருக்கியோடு சேர்ந்தது. ஊரில் பெரும்பாலோர் லெபனானுக்கு மூட்டை கட்டினார்கள். மிசாக்கின் அப்பா தங்கிவிட்டார், ஏனென்றால்

[இங்கே ஷாகே வந்து எட்டிப் பார்த்தாள்.]

“மண்ணு மேல வச்ச பாசத்தாலன்னு போடுங்கண்ணே.”

“பாசமா? திருவிழாவுல ஹரிஸா அண்டாவ யாரு கிண்டுறதுன்னு அண்ணனோட சண்டை. அண்ணன் போறான்னதும் இவரு வரமாட்டேன்னுட்டாரு. அவ்வளவுதான்.”

“அத எப்படிண்ணே பளிங்குல வெட்டுறது?”

“சின்ன எழுத்துல வெட்டு.”

“கீழ உங்க பேரு வருமே!”

“அதுக்குத்தான் சொல்றேன். எங்கப்பனப் பத்திப் பொய் சொன்னவன்னு என் பேரு கல்லுல நிக்கணுமா?”

(ஹரிஸா: கோதுமையும் கறியும் ஒன்றாகக் குழையும்வரை கிண்டுவது. கோபக்காரன் கைக்கு நன்றாக வரும். அண்டாவைத் தூக்க முடியாததால் பெரியப்பா கிண்டுகிற துடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.)

3

திருவிழாவன்று லெபனானிலிருந்து பெரியப்பாவின் பேத்தி தலார் வந்தாள். துணியில் சுற்றிய துடுப்போடு. மிசாக் அவளுக்குப் பெரியப்பா முறை.

“எங்க ஊர்லயும் பலகை இருக்கு பெரியப்பா. தாத்தா சுதந்திரத்துக்காக வந்தாராம்.”

“நெசம் என்ன?”

“தம்பி இங்கதான் இருப்பேன்னானாம். அவன் இருக்கிற ஊர்ல எனக்கென்ன வேலைன்னு கெளம்பிட்டாராம்.”

மிசாக் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. அண்ணன் போகிறான் என்று தம்பி தங்கினார். தம்பி தங்குகிறான் என்று அண்ணன் போனார். அப்படியானால் யார் முதலில் சொன்னது? [யாராவது ஒருவர் ‘நீயும் வா’ என்றோ ‘நீயும் இரு’ என்றோ... வேண்டாம். இந்த வரி பலகை மாதிரி இருக்கிறது.]

4

முடிவு ஒன்று: துடுப்புக்குக் கண்ணாடிப் பெட்டி. பலகையில் பாசம். கீழே மிசாக்.

முடிவு இரண்டு: துடுப்பு அண்டாவுக்குள். எண்பது வருடம் காய்ந்த கட்டை, ஒடிந்துவிடும் என்கிறாள் ஷாகே. ஒடிந்தால் ஒடியட்டும் என்கிறாள் தலார். எங்கள் ரத்தம்தான், சந்தேகமில்லை.

பாதியில் நின்ற அந்த ‘ஏனென்றால்’ அப்படியே கிடக்கிறது. மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கீழே உங்கள் பெயரையே போடுங்கள்.

“யாரு மொதல்ல கிண்டுறது, பெரியப்பா?” தலார் துடுப்பை நீட்டினாள்.

“நீ புடிச்சிருக்கிற லட்சணமே சரியில்ல” என்றார் மிசாக். காகிதத்தைக் கல் பெஞ்சில் வைத்துவிட்டு, இரண்டு முடிவையும் நம்பாதவராகவே, ஆரஞ்சுத் தோட்டத்துப் பக்கம் நடந்தார்.