ஜன்னலிலிருந்து கேட் வரை

1

இந்தக் கதை என் மனைவியின் கைப்பையிலிருந்து விழுந்தது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. வீட்டுச் சாவியைத் தேடிப் பையைக் கவிழ்த்தாள். சாவியோடு ஒரு சிவப்பு மரக்கட்டையும் விழுந்தது. அவள் மழலையர் வகுப்பு மிஸ். அந்தப் பையிலிருந்து எது விழுந்தாலும் நான் ஆச்சரியப்படுவதில்லை.* ஆனால் கட்டையைக் கண்டதும் அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அடப்பாவி, நீ இங்கயா இருந்தே?”

பிறகு அந்தக் கட்டை தொலைந்த வாரத்தை முழுக்கச் சொன்னாள். நான் பேனாவை எடுத்தேன்.

“ஆரம்பிச்சிட்டீங்களா?” என்றாள்.

(* காணாமல்போன என் மூக்குக்கண்ணாடி ஒருமுறை அதில் கிடைத்தது.)

2

முதல் தொடக்கம்: ‘பூக்களைப் போன்ற குழந்தைகள் வகுப்பறைக்குள்...’

“எந்தப் பூவுக்குங்க மூக்கு ஒழுகும்?”

அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: அந்த வாரம் வகுப்பில் ‘அளத்தல்’. திங்களன்று மேசையைச் சாணால் அளந்தார்கள். ஒவ்வொரு சாணுக்கும் மேசை ஒவ்வொரு நீளம் வந்ததில் ஒரு அடிதடி. செவ்வாயன்று துணி மாட்டும் ஹேங்கரைத் தராசாக்கி, ஷூவையும் ஆரஞ்சுப் பழத்தையும் எடை போட்டார்கள். புதனன்று தண்ணீர், அதாவது, மாற்றுத் துணி தீர்ந்துபோன நாள். வியாழனன்று நேரம்.

மிஸ் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

3

வகுப்புக்குப் புதிதாக ஒரு வாண்டு வந்திருந்தாள். சுண்டெலி என்று கூப்பிட்டார்கள். காலையில் அம்மாவின் கையை அவளிடமிருந்து பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். அப்புறம் நாள் முழுக்க ஒரே கேள்வி: “அம்மா எப்ப வருவாங்க?” கொஞ்ச நேரத்தில் என்ற பதிலெல்லாம் அவளிடம் செல்லாத காசு.

வியாழனன்று மிஸ் ஜன்னல் திட்டில் கட்டை அடுக்க ஆரம்பித்தாள். பாட்டு முடிந்தால் ஒரு கட்டை. சாப்பாடு முடிந்தால் ஒன்று. தூங்கி எழுந்தால் ஒன்று.

“கடைசிக் கட்டை வெச்சதும் அம்மா வந்துடுவாங்க, தங்கம்.”

அப்படியே வந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை, சுண்டெலி அம்மாவின் கையைத் தானாகவே விட்டாள்.

[‘மிஸ் பெருமையில் பூரித்துப்போனாள்’ என்று இங்கே எழுதியிருந்தேன். “பூரிக்கவெல்லாம் இல்ல. டீ குடிச்சேன். ஆறாம, சூடா” என்று திருத்தினாள்.]

4

வெள்ளி மாலை கடைசிக் கட்டையும் வைத்தாயிற்று. மற்ற பிள்ளைகள் போய்விட்டார்கள். சுண்டெலியின் அம்மா வரவில்லை. அவர் வேலை செய்யும் லாண்டரிக்கு போன் போட்டால், எப்போதோ கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

சுண்டெலியின் கீழுதடு மெல்ல —

(முடிக்க முடியவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் உதடு வளர்ந்தது.)

மிஸ் சொன்னது நடக்கவில்லை என்றால், திங்களன்று இந்தக் குழந்தை எதை நம்பி உள்ளே வரும்?

ஆனால் சுண்டெலி அழவில்லை. ஜன்னலையும் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மிஸ், இது எட்டல.”

“எதும்மா எட்டல?”

“கட்டை. கேட்டுகிட்ட எட்டல. அதான் அம்மா வரல.”

திங்கள் பாடத்தையும் வியாழன் பாடத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். நேரம் வேறு, நீளம் வேறு என்று மிஸ் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை.

“அப்ப எட்ட வெச்சிடுவோமா?”

ஜன்னலுக்குக் கீழே தொடங்கி, வாசற்படி இறங்கி, முற்றத்தில் நீண்டது வரிசை. கட்டைகள் தீர்ந்தன. படப் புத்தகங்கள் வந்தன. பிளாஸ்டிக் யானை, சாப்பாட்டு டப்பா, மிஸ்ஸின் செருப்பு.

“என்ன மிஸ், ஸ்கூலையே காலி பண்றீங்களா?” என்று கேட்டபடியே வாட்ச்மேன் தன் தொப்பியைக் கழற்றி வரிசையில் வைத்தார்.

கேட்டுக்கு முன்னால் ஒரு கட்டை அளவு இடம் பாக்கி. வாட்ச்மேன் விசிலை நீட்டினார்.

“ம்ஹூம். கடைசி *கட்டை*ன்னுதானே மிஸ் சொன்னாங்க?” என்றாள் சுண்டெலி.

அலமாரிக்கு அடியில்கூடத் தேடினார்கள். கட்டை இல்லை.

5

முடிவு ஒன்று: கட்டை கிடைக்கிறது, வைத்த நொடியில் அம்மா தோன்றுகிறார். (“சினிமா” என்றாள் மனைவி.)

முடிவு இரண்டு: அம்மா வரவே — மாட்டேன். நான் கதை எழுதுகிறவன், கசாப்புக்காரன் அல்ல.

முடிவு மூன்று, நடந்தது. “வந்தாங்களா இல்லையா?” என்று கேட்டேன்.

“வராம என்ன? பஸ் பழுதாம், பாதி வழி ஓடியே வந்திருக்காங்க. ஆனா நம்ம ஆளு உள்ள விடணுமே! கையை நீட்டி, ‘இரும்மா, இன்னும் எட்டல’ன்னுட்டா. அந்தம்மாவும் ஏன் எதுக்குன்னு கேக்காம கேட்டுக்கு வெளியவே நின்னாங்க.”

அதற்குப்பின் எப்படிச் சமாளித்தார்கள் என்பதையும் சொன்னாள். அதை நான் எழுதப் போவதில்லை. அப்போது அவர்களிடம் கட்டை இல்லை. இப்போது இருக்கிறது.

இந்தாருங்கள், சிவப்புக் கட்டை. கொஞ்சம் குனிந்து, தொப்பிக்கும் கேட்டுக்கும் நடுவில் வையுங்கள். சீக்கிரம். அந்த அம்மா காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்த்தவர்.