வெட்டுப்பட்ட கடைசி இலக்கம்

எட்டு வருடம். ஜவ்வாது மலை வான்நோக்கு நிலையத்தில் அந்த எட்டு வருடத்தையும் ஜாஹிதா பல்லைக் கடித்துக்கொண்டுதான் கழித்தாள். கம்ப்யூட்டர் அறையில் இருக்க வேண்டியவளைத் தட்டச்சு மேஜைக்குத் தள்ளியவர் டைரக்டர் சக்கரவர்த்தி. இந்த மனுஷன் உருப்படுவாரா என்று தினமும் ஒரு தடவையாவது வயிறெரிவாள்.

விஷயம் இதுதான். ஒரு நட்சத்திரம் குறிப்பிட்ட இடைவெளியில் மங்கித் தெளியும். அடுத்து எப்போது மங்கும் என்று கணக்கிட, வாணியம்பாடியிலிருந்து வேலைக்கு வந்த புதிதில் ஜாஹிதாதான் புரோகிராம் எழுதினாள். அந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் நட்சத்திரம் வருடத்துக்கு ஒன்பது செகண்ட் பிந்தி மங்கியது. சக்கரவர்த்தி அதைத் தன் கண்டுபிடிப்பாக அச்சில் ஏற்றிப் பேர் வாங்கிக்கொண்டார். 1978-ல் ஜாஹிதா அவரிடம் போய், "நட்சத்திரம் பிந்தலை சார். நம்ம மெஷின் ஒவ்வொரு கூட்டல்லயும் கடைசி இலக்கத்தை வெட்டிடுது, அதான்" என்றாள். அவ்வளவுதான். லாக் புத்தகத்தில் அவள் எழுதிவைத்ததற்குக் கீழே சிவப்பு மையில் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்திட்டு, அவளைத் தட்டச்சுக்கு அனுப்பினார்.

1986-ல் புது மெஷின் வந்தது. அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் பழைய புரோகிராம் ஓடவில்லை. பெங்களூர் இன்ஜினீயர் ஒருவர் அதை மாற்றி எழுதி ஓட்டினார். ஒன்பது செகண்டைக் காணோம். அடுத்த வாரம் அந்தக் கண்டுபிடிப்பைச் சரிபார்க்கக் கமிட்டி வருகிறது, சக்கரவர்த்திக்கு வியர்த்துவிட்டது. பழைய மெஷினை அறிந்தவள் ஜாஹிதா ஒருத்திதான். வேறு வழியில்லாமல் கூப்பிட்டார்.

"ஏம்மா, பழைய புரோகிராமை ஒரு எழுத்து மாத்தாம இதுல ஓட்ட முடியுமா? பழைய விடையே வரணும்."

"வரும் சார். இதைப் பழைய மெஷினாட்டம் நடிக்க வைக்கணும். அதுக்கு இன்னா வியாதி இருந்துச்சோ அதையும் சேர்த்து. உத்தரவை எழுத்துல குடுத்துடுங்க."

அவசரத்தில் எழுதிக் கொடுத்தார்.

நாலு நாள் அவள் சோறு தண்ணீர் பார்க்கவில்லை. பழைய மெஷினின் ஒவ்வொரு கோணலையும் புது மெஷினுக்குக் கற்றுக்கொடுத்தாள். கடைசி இலக்கத்தை வெட்டும் வேலையை மட்டும் தனி வரியாக வைத்தாள், போடவும் எடுக்கவும் வசதியாக.

கமிட்டித் தலைவர் ஒரு வயதான பேராசிரியர். பிரிண்டரிலிருந்து தாள் வந்தது. ஒன்பது செகண்ட் சொன்னபடி வந்திருந்தது. சக்கரவர்த்தியின் முகம் மலர்ந்தது. பேராசிரியரோ தாளின் தலைப்பைப் படித்தார்: 'கடைசி இலக்கம் வெட்டப்படுகிறது. உத்தரவு: டைரக்டர்.'

"எதுக்கும்மா வெட்டுறீங்க?"

"வெட்டலைன்னா பழைய விடை வராதுங்க."

"வெட்டாம ஒருதரம் ஓட்டுங்க."

ஒரே ஒரு வரியை எடுத்தாள். பிந்தல், பூஜ்யம்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிச் சக்கரவர்த்தியைப் பார்த்தார். டைரக்டர் பூசி மெழுகத் தொடங்கினார். "எனக்கு இது தெரியவே தெரியாது. இந்தம்மா அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

இந்த வாக்கியத்துக்காகத்தான் ஜாஹிதா எட்டு வருடம் காத்திருந்தாள். 1978-ஆம் வருட லாக் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு சிவப்புப் பேனாவையும் வைத்தாள்.

"சொன்னேன் சார். நீங்க பதிலும் எழுதுனீங்க. இப்ப அதுக்குக் கீழயே, கவனக்குறைவு யாரோடதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அவர் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் லாக் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தினார். சக்கரவர்த்தி பேனாவை எடுத்து எழுதிக் கையெழுத்திட்டார். ஜாஹிதாவுக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

"தேதியும் போடுங்க சார்" என்றாள்.