எந்தக் கடலை

1

சமையல் குறிப்புகள் எல்லாம் 'பரிமாறவும்' என்ற சொல்லோடு முடிந்துவிடுகின்றன. எங்கள் வீட்டில் அதற்குப் பிறகுதான் எல்லாம் தொடங்கும். இந்தக் கதை எழுதப்பட்டதற்குக் காரணம் அது ஒன்றுதான்.

என் மகள் அக்ஷயா திருப்பதியில் யு.கே.ஜி. படிக்கிறாள். அவள் வகுப்பு அம்மாக்களின் வாட்ஸப் குழுவில் நான் ஒருவன்தான் அப்பா. சத்தான டிபன் பாக்ஸ் வாரம் என்று சொல்லி ஆளுக்கொரு குறிப்பு கேட்டார்கள். பயறு சேர்த்த பாஸ்தா சாலட் என்று தலைப்பிட்டேன். பொருட்கள், அளவு, செய்முறை எல்லாம் ஒழுங்காக வந்தன. கடைசியில் 'பரிமாறவும்' என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். மறுபடி அழித்தேன்.

(குழுவுக்கு இட்லி உப்புமா அனுப்பிவிட்டேன். பாராட்டினார்கள்.)

மிச்சம் கையில் நின்றது இது.

2

முதல் தொடக்கம்:

'யஸ்வந்தின் மனைவி இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, ராஜ்மா ஊறிய தண்ணீரை அவன் கொட்டும்போது'

இதோடு நின்றுவிட்டது. கொட்டும்போது அவனுக்கு ஏதாவது தோன்ற வேண்டும் என்று அந்த வாக்கியம் எதிர்பார்க்கிறது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தண்ணீர் போயிற்று. (யஸ்வந்த் என் பெயர் அல்ல. பெயரை மாற்றினால் அவனாவது அழுவான் என்று நினைத்தேன். அவனும் அழவில்லை.)

இரண்டாம் தொடக்கம்:

'வேர்க்கடலை விளையும் மாவட்டத்தில் வேர்க்கடலை ஆகாத ஒரு குழந்தை'

இது நன்றாக இருந்தது. அதனாலேயே பயந்தேன். கதையின் முதல் வரியில் வேர்க்கடலையைக் காட்டிவிட்டால், கடைசிக்குள் அது யார் வாயிலாவது விழுந்தாக வேண்டும் என்று வாசிப்பவர்கள் காத்திருப்பார்கள். நீங்கள் இப்போதே காத்திருக்கத் தொடங்கிவிட்டீர்கள். எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். மறுபடி இட்லி உப்புமாதான் வந்தது.

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். அக்ஷயாவுக்கு வேர்க்கடலை ஆகாது. நடக்கப் பழகிய வயதில் ஓட்டலில் இட்லியைச் சட்னியில் தொட்டுக் கொடுத்தோம். உதடு வீங்கியது. பிறகு மூச்சு இழுத்தது. இந்த ஊர் ஓட்டல்களில் வேர்க்கடலை போடாத சட்னி கேட்டால் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். என் மனைவி நளினி அதற்குப் பிறகு எங்கே போனாலும் கேட்பாள். சமையல்கட்டுக்குள் போய் நின்று கேட்பாள்.

புதிதாக ஒரு பயறோ பருப்போ கொடுப்பதென்றால் அவள் வீட்டில் கொடுக்கமாட்டாள். வேர்க்கடலையும் பயறும் ஒரே குடும்பம், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனாலும் கவனம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். 'ஆனாலும்' என்ற சொல்லை மட்டும் அவள் எடுத்துக்கொண்டாள். டப்பாவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம். உள்ளே அல்ல. அவசரப் பிரிவின் கதவுக்கு எதிரே, வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருக்கிறது. அங்கே உட்கார்ந்து ஒரு ஸ்பூன் கொடுப்பாள். பிறகு காத்திருப்போம்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். ஒருவர் குழந்தையின் உதட்டைப் பார்க்க வேண்டும். மற்றவர் கை, கழுத்து, வயிறு. ஒரே ஆள் எல்லாவற்றையும் பார்த்தால் எதையும் பார்க்கவில்லை என்று அர்த்தம் என்பாள். அவள் உதடு. நான் மிச்சம். ஒன்றும் ஆகாவிட்டால் அந்தப் பொருள் பாஸ். பச்சைப்பயறு பாஸ். ராஜ்மா பாஸ். எள் பாஸ். வாட்ச்மேன் ரங்கையா எங்களைக் கண்டாலே, "ஈ ரோஜு ஏம் பரீக்ஷ?" என்பார். இன்றைக்கு என்ன பரீட்சை.

கொண்டைக்கடலையின் முறை வருவதற்குள் நளினிக்குக் காய்ச்சல் வந்தது. அதே ஆஸ்பத்திரி. மூன்றாம் மாடி.

அதன் பிறகு நான் அந்தத் தெருவில் வண்டியைத் திருப்பவில்லை. ஆகவே அக்ஷயாவுக்குப் புதிய சாப்பாடு எதுவும் வரவில்லை. பாஸானவற்றையே சுற்றிச் சுற்றித் தின்றாள். பிறகு அவற்றையும் ஒதுக்க ஆரம்பித்தாள். முட்டை நாறுகிறது. பாலில் ஆடை. எடை ஏறவே இல்லை. புரோட்டீன் போதாது, பயறு வகைகளைக் கூட்டுங்கள் என்றார் டாக்டர். அவள் வேண்டாம் என்று சொல்லாத ஒரே பொருள் பாஸ்தா. அதிலும் சங்கு வடிவத்தில் இருக்கிற பாஸ்தா.

3

இங்கிருந்து கதை. இதுவரை எழுதியது கட்டுரை மாதிரி ஆகிவிட்டது. கட்டுரையில் கை நடுங்காது. அதனால்தான் அதில் கொஞ்சநேரம் நின்றுகொண்டேன்.

நளினியின் தங்கை தேன்மொழி சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். "ரெண்டு பேர் வேணும்" என்று மட்டும் போனில் சொன்னேன். எதற்கென்று கேட்காமல் ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

நான் பாஸ்தாவை வடித்து, குழாய்த் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னா மாமா, கொழந்தையைக் குளிப்பாட்றாப்ல பண்ணிக்கினு கீற?"

"சாலட்டுக்கு ஆறணும். இல்லன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்."

"அக்கா பாத்திருந்தா சிரிச்சே செத்து…"

அவள் நிறுத்திக்கொண்டாள். நான் பாஸ்தாவின் மேல் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கிளறினேன்.

ராஜ்மாவை விரலிடுக்கில் நசுக்கிப் பார்த்தேன். நடுவில் கட்டி இருந்தால் இன்னும் வேக வேண்டும். இல்லை. முளைகட்டிய பச்சைப்பயறு ஆவியில் வெந்திருந்தது. வெள்ளரி, கேரட், விதை எடுத்த தக்காளி. எல்லாவற்றையும் பாஸ்தாவோடு புரட்டியதும் பயறு ஒவ்வொன்றாகச் சங்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சங்கு வடிவத்தை நான் வாங்கியதே அதற்குத்தான். தனியாக வைத்தால் பொறுக்கி எடுத்து வெளியே வைப்பாள்.

அக்ஷயா எட்டிப் பார்த்தாள். "சித்தி, சங்குக்குள்ள பயிறு பூந்துக்கினு ஒளியுது."

"தோண்டித் துன்னு. யாரு ஜெயிக்கறாங்கன்னு பாப்பம்."

"இப்பத் துன்னக் கூடாது. பரீட்சைக்குப் போயிதான் துன்னணும்." அவளுக்கு நினைவிருந்தது.

புதிய பொருள் கொண்டைக்கடலை. அதைத் தனியாக வேகவைத்திருந்தேன். எள், பூண்டு, எலுமிச்சைச்சாறு சேர்த்துக் கூழாக அரைத்து மேலே கலந்துவிட்டால் சாலட் முடிந்தது. மிக்சியைப் போட்டேன். மோட்டார் ஓடியது, பிளேடு சுற்றவில்லை.

(கதைக்காக நான் கெடுத்தது அல்ல. தானாகக் கெட்டது. நான் கெடுத்திருந்தால் இன்னும் நம்பும்படி கெடுத்திருப்பேன்.)

"கீழ அந்தக்கா வீட்ல அரைச்சிக்கினு வந்துட்றேன்" என்றாள் தேன்மொழி.

"ஜார்ல சுடுதண்ணி ஊத்திக் கழுவிட்டு அரை. ரெண்டு வாட்டி."

"தெரியும் மாமா. நானும் அவளுக்குச் சித்திதான்."

4

கீழ்வீட்டு வெங்கடலட்சுமி. எங்கள் வீட்டு ஓனர். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

ஒரு பிரதியில் அவரை அலட்சியமானவராக எழுதினேன். இன்னொன்றில் எங்கள் தெலுங்கைக் கேலி செய்கிறவராக. இரண்டும் அவர் இல்லை. நளினி போன பிறகு பல வாரங்கள் மாடிக்குச் சோறும் ரசமும் அனுப்பியவர் அவர். அவருடைய ஒரே குறை, சப்பென்று இருக்கும் சாப்பாடு தன் வாசலைத் தாண்டிப் போவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அக்ஷயாவுக்கு வேர்க்கடலை ஆகாது என்பது அவருக்குத் தெரியும். நான் சொல்லியிருக்கிறேன்.

சொன்னேனா?

நளினி சொல்லியிருப்பாள். சொன்னாளா என்பதை நளினியிடம்தான் கேட்க வேண்டும்.

5

மூன்று பேரும் ஸ்கூட்டியில் போனோம். ஆஸ்பத்திரி கேட்டில் ரங்கையா எங்களை அடையாளம் கண்டுகொண்டு கையைத் தூக்கினார்.

"சால ரோஜுலாயிந்தி. ஏம் பரீக்ஷ?" என்றார். ரொம்ப நாளாயிற்றே என்று. பின்னால் இருந்த தேன்மொழியைப் பார்த்தார். அக்காள் ஜாடைதான். ஆனால் அக்காள் இல்லை. "அம்மா ராலேதா?"

"ராலேது" என்றேன். வரவில்லை. இலக்கணப்படி அது பொய் இல்லை.

அவர்களைப் பெஞ்சருகே இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தப் போனேன். திரும்பி வந்தபோது டப்பா திறந்திருந்தது. அக்ஷயா ஸ்பூனை நக்கிக்கொண்டிருந்தாள்.

"பசிக்குதுன்னுச்சு மாமா. ஒரே ஒரு ஸ்பூன். நான் பாத்துக்கினுதான் கீறேன்."

பரவாயில்லை. அதற்குத்தானே வந்தோம். நான் அக்ஷயாவுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தேன்.

"நைனா, இன்னொரு ஸ்பூன். நல்லாக்கீது."

இந்த ஒரு வருடத்தில் அவள் எதையும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

"நல்லா இல்லாம போவுமா?" என்றாள் தேன்மொழி. "அந்தக்கா நக்கிப் பாத்துட்டு, சப்பகா உந்தின்னு, ஒரு பிடி கல்ல போட்டு இன்னொரு சுத்து உட்டாங்க."

நான் டப்பாவை மூடினேன்.

"எந்தக் கல்ல?"

"கல்லதான் மாமா."

"தேனு. எந்தக் கல்ல?"

"நான் பூண்டு உரிச்சிக்கினு இருந்தேன். திரும்பறதுக்குள்ள போட்டுட்டாங்க. செனகன்னு என்னமோ சொன்னாங்க. நம்ம கொண்டுபோனதும் அதானே, அதையே இன்னுங் கொஞ்சம் போட்றாங்கன்னு…"

"செனகலா, செனக்காயலா?"

அவள் போனை எடுத்தாள்.

"மிக்சி ஓடிக்கினு இருந்துச்சு மாமா."

(இங்கே கதையை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். நான் நகரிப் பக்கம் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். திருப்பதியில் தெலுங்கில் சம்பாதிக்கிறேன். தமிழில் கொண்டைக்கடலை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை. எங்கள் பக்கத்து வாயில் முன்பாதி விழுந்து எல்லாமே 'கல்ல'. தெலுங்கில் செனகலு என்றால் கொண்டைக்கடலை, செனக்காயலு என்றால் வேர்க்கடலை. பேச்சின் அவசரத்தில் பின்பாதி விழுந்தால் இரண்டும் 'செனக'. ஒரு மொழியில் தலை போகிறது, இன்னொன்றில் வால் போகிறது. என் மகளுக்கு ஆகிற சாப்பாடும் ஆகாத சாப்பாடும் என் இரண்டு மொழியிலும் நடுவில் மிஞ்சிய அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. இதை ஒரு கட்டுரையாக எழுதியிருக்கலாம். திருமலைக்கு நடந்து ஏறும் அலிபிரி பாதையைப் பற்றியும் எழுதியிருக்கலாம். வெங்கடலட்சுமி அப்போது அதில்தான் ஏறிக்கொண்டிருந்தார், போனை வீட்டில் வைத்துவிட்டு.)

தேன்மொழி அவர் எண்ணுக்கு மறுபடி மறுபடி அடித்தாள். மணி போனது. பூட்டிய வீட்டுக்குள் அது அடிப்பதை என்னால் கேட்க முடிந்தது.

"நான் உள்ள போயி டாக்டராண்ட சொல்லி வெக்கறேன். நீ பாரு மாமா. ஒதட்டைப் பாரு."

ஓடினாள்.

6

முடிவு ஒன்று. போன் வருகிறது. வெங்கடலட்சுமி யாரோ ஒருவரின் போனிலிருந்து பேசுகிறார். பொட்டுக்கடலைதான், சட்னிக்குப் போடுவது மாதிரி ஒரு பிடி போட்டேன் என்கிறார். நாங்கள் சிரிக்கிறோம். அக்ஷயா டப்பாவைக் காலி செய்கிறாள். ரங்கையா, 'பாஸா?' என்கிறார். இந்த முடிவை நான் நம்பவில்லை. இதில் நான் அழுகிறேன்.

முடிவு இரண்டு. 'அவளுடைய மேலுதட்டின் ஓரத்தில்'

இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். எழுதினால் பலிக்கும் என்று நம்புகிறவன் அல்ல நான். ஆனாலும் முடிக்கமாட்டேன்.

முடிவு மூன்று. பல வருடங்களுக்குப் பிறகு, கல்லூரி விடுதியில், அக்ஷயா தன் தோழி பவ்யாவிடம் பாஸ்தா

இல்லை. அது கதையை விட்டு ஓடிப்போவது.

இவன் இவ்வளவு நிதானமாக எழுதுகிறான், அப்படியானால் குழந்தைக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நீங்கள் முடிவுகட்டலாம். கட்டாதீர்கள். நளினி போன அன்றைக்கு மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்து நான் முதலில் செய்தது பார்க்கிங் சீட்டைத் தேடியதுதான். நிதானமாகத் தேடினேன். சட்டைப்பையிலேயே இருந்தது. மறுநாள் கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். என் நிதானம் எதற்கும் சாட்சி அல்ல.

குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு ஓடலாமே என்பீர்கள். ஒன்றும் ஆகாத குழந்தையை உள்ளே உட்காரவிட மாட்டார்கள். நளினி கேட்டுப் பார்த்திருக்கிறாள். அதனால்தான் இந்தப் பெஞ்சு. கதவு கூப்பிடு தூரம். டாக்டர் கொடுத்த சிரப் என் பையில் இருக்கிறது.

ஒன்று மட்டும் புதிது. டப்பாவின் மூடி என் கையில் தடதடவென்று அடித்துக்கொள்கிறது. முதலில் பக்கத்து வண்டியின் எஞ்சின் என்று நினைத்தேன். எந்த வண்டியும் ஓடவில்லை. என் கைதான். நளினி இருந்தவரை எங்கள் வீட்டுப் பயம் முழுவதையும் அவளே பார்த்துக்கொண்டாள். அவள் போன பிறகு அது எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. இங்கேதான் இருந்திருக்கிறது, இந்தப் பெஞ்சில்.

"நைனா, ஏன் வாயையே பாக்கற? ஒட்டிக்கினு கீதா?"

"இல்ல கண்ணு. ஆட்டாம உக்காரு."

இதற்கு இரண்டு பேர் வேண்டும். தேன்மொழி இன்னும் உள்ளே இருக்கிறாள். ரங்கையா கேட்டில் ஒரு காரைத் திருப்பிவிட்டுக்கொண்டிருக்கிறார். இங்கே இருப்பது நீங்கள்தான்.

நான் உதட்டைப் பார்க்கிறேன். அது நளினியின் இடம். நீங்கள் என் இடத்தில் உட்காருங்கள். மஞ்சள் கவுன், கையில்லாதது. இரண்டு கைகளும் நன்றாகத் தெரியும். முழங்கை மடிப்பு, கழுத்து, காதுக்குப் பின்புறம். சிவப்பாக ஏதாவது தடித்துக் கிளம்பினால் உடனே சொல்லுங்கள், எந்த மொழியில் வேண்டுமானாலும். அவள் சொறிந்தால் சொல்லுங்கள். கொசுவாக இருக்கும் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

பக்கம் முடிந்துவிட்டதே என்று எழுந்துவிடாதீர்கள். இது அவ்வளவு சீக்கிரம் தெரியாது.